பிள்ளைக்கு ஜெபம் சொல்லித்தருவது யார் பொறுப்பு?

மலேசியப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி உண்டு. மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. அந்த நன்னெறிப் பாடத்தில் இறைநம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஆண்டவரிடம் எப்படிப் பேசுவது என்று எந்த ஆசிரியரும் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தர வேண்டும் என்று கேட்பதும் முறையல்ல. தன்னுடையதல்லாத மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் முடிவு செய்வார் என்று கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளரும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஜெபம் கற்றுத்தரும் பொறுப்பு அந்த வீட்டையே சேர்கிறது. பல வீடுகள் அதை ஞாயிறு பள்ளியிடம் விட்டுவிடுகின்றன. சுங்கை பாலாஸிலிருந்தோ ஃபேர்லி தோட்டத்திலிருந்தோ வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைச் சாலையில் பட்டணத்துக்கு வந்தால்தான் தேவாலயம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு. மழை கொட்டினாலோ வண்டி கிடைக்காவிட்டாலோ அதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை வசனம் மனப்பாடம் செய்யலாம், பாட்டுப் பாடலாம். ஜெபிக்கப் பழகுவதற்கு அது போதாது. அப்பா அம்மா ஜெபிப்பதைப் பார்க்காத பிள்ளைக்கு ஜெபம் இன்னொரு பாடமாகத்தான் தெரியும்.

தமிழ்க் கிறிஸ்தவ மரபுக்கு இது புதிய செய்தி அல்ல. தமிழ் முதன்முதலில் அச்சேறியதே ஜெபம் கற்பிக்கத்தான். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலும், 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட ‘தம்பிரான் வணக்க’மும் எளிய மக்களுக்கு வேதபோதனையையும் ஜெபங்களையும் சொல்லித்தர எழுந்தவை. அதற்கும் முன்பு, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்; கற்றதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அனுப்பினார். ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசமோ, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லித்தருவதற்கென்றே எழுதப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த மரபைத்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார். கத்தோலிக்கரோ சீர்திருத்தச் சபையாரோ, ஜெபம் வீட்டுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றாகவே நின்றார்கள்.

ஆனால் சவேரியாரின் கடிதங்களை முழுதாகப் படித்தால் மனம் நோகவும் செய்யும். பிள்ளைகள் தம் பெற்றோரின் வழிபாட்டை வெறுத்ததையும், சிலைகளை உடைத்து மிதித்ததையும் அவர் பெருமையாக எழுதியிருக்கிறார். அதை மறைத்துவிட்டு மணியோசையை மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது. தோட்டத்து லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கிறிஸ்தவ வீடு, அந்தப் பக்கம் முருக பக்தரின் வீடு. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் இந்துக்கள் ஏறத்தாழ 86 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. பால்குடம் எடுக்கும் தோழியோடு நம் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறது. அந்தத் தோழியின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இரவு ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். அண்டை வீட்டாரைத் தாழ்வாகப் பார்க்கவைக்கும் எதையும் ஜெபம் என்ற பெயரில் கற்றுத்தரக் கூடாது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும்: நாலு வயதுப் பிள்ளைக்கு ஜெபம் என்றால் என்ன புரியும்? பெரிதாக ஒன்றும் புரியாது என்பதே உண்மை. 1967இல் லாங், எல்கைண்ட், ஸ்பில்கா ஆகிய உளவியலாளர்கள் 5 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஜெபத்தைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு வயது வரை ஜெபம் பற்றி மங்கலான எண்ணமே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது ஒரு செயலாக, எதையாவது கேட்பதாகத் தெரிந்தது. ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகுதான் கடவுளோடு அந்தரங்கமாகப் பேசுவதாக விரிந்தது. இதை வைத்து, புரியும் வயது வரட்டும் என்று தள்ளிப்போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது எதிர்த்திசையில்தான் வழிகாட்டுகிறது. வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கூப்பிடப் பழகும் பிள்ளை விருந்தோம்பலின் பொருளை அறிந்தா கூப்பிடுகிறது? பழக்கம் முந்தி வந்து இடம் போட்டு வைக்கிறது, பொருள் பிந்தி வந்து அமர்கிறது. இடமே இல்லாத வீட்டில் பத்து வயதில் எது வந்து உட்காரும்?

நாள் முழுதும் வேலை செய்து களைத்து வருகிறவர்களிடம் இதையும் சுமத்தலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாட்டி தாத்தா, அக்கம்பக்கம் என்று ஒரு காலத்தில் இந்த வேலையைப் பகிர்ந்துகொண்டவர்கள் இப்போது லயத்தில் அதிகம் இல்லை. பல தமிழ்க் குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன, கொழுந்தெடுப்பவர்களில் பலர் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆனாலும் இதற்கு ஐந்து நிமிடம் போதும். சோற்றுத் தட்டின் முன் ஒரு நன்றி. படுக்குமுன் அன்று செய்த ஒரு தவறுக்கு மன்னிப்பு. வேண்டியவர்களில் ஒருவர் பெயர். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். முதலில் அம்மாவோ அப்பாவோ தம் சொந்த வார்த்தையில், வீட்டில் பேசும் தமிழில் ஜெபிக்க வேண்டும். பிறகு பிள்ளை. காணாமல் போன பூனைக்குட்டிக்காகப் பிள்ளை உருக்கமாகக் கேட்கும்போது பெரியவர்கள் சிரித்துவிடக் கூடாது, வாக்கியத்தைத் திருத்தவும் கூடாது. அது மனம் திறந்து பேசிய பேச்சு. ஒருமுறை சிரித்துவிட்டால் மறுநாளிலிருந்து பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்த வார்த்தைகளைத் தேடத் தொடங்கிவிடும்.

ஜெபத்தைப் பேரமாக்குவதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஜெபித்தால் மதிப்பெண் வரும், ஜெபிக்காவிட்டால் ஆண்டவர் கோபிப்பார் என்று சொல்லி வளர்ப்பது எளிது. இதே கேமரன் மலையில், 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. ஜெபிக்கிறவர் வீட்டுக்கு ஆபத்து வராது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த நாள் காலையில் என்ன பதில் சொல்வது? இறந்தவர்கள் சரியாக ஜெபிக்கவில்லை என்றா? இயேசுவே கெத்சமனேயில் கேட்டது கிடைக்காமல்தான் எழுந்து போனார் என்பதைப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சொல்லலாம். கேட்பதெல்லாம் கிடைக்காது, ஆனாலும் கேட்கலாம், அழலாம், ஏன் என்றும் கேட்கலாம். சங்கீதங்களில் முறையீடுகள் எத்தனை!

பிள்ளையின் சுதந்திரம் பறிபோகிறதே என்பார்கள் சிலர். பெற்றோர் எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும் பிள்ளை எதையோ கற்கத்தான் செய்கிறது. ஜெபமே இல்லாத வீடும் ஒரு பாடம்தான். கட்டாயம் வேறு, பழக்கம் வேறு. கண்ணை மூடாத பிள்ளையை அடிப்பது கட்டாயம். பதின்மூன்று வயதில் ‘இன்றைக்கு நான் ஜெபிக்கவில்லை’ என்கிற மகளைச் சும்மா உட்கார விட்டுவிட்டு மற்றவர்கள் ஜெபிக்கலாம். தாய் ஒரு மதம், தகப்பன் ஒரு மதம் என்ற வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் நியாயம் நமக்கும் பொருந்தும்: கணவருக்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஜெபம் சொல்லித்தருவது பிள்ளைக்கு முதலில் ஒளிவுமறைவையே கற்றுத்தரும்.

சபைகளிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பள்ளியை நிறுத்த வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது பெற்றோரைப் பிள்ளைகளோடு உட்காரவைத்து, வீட்டில் எப்படி ஜெபிப்பது என்று செய்துகாட்டுங்கள். வாய்விட்டு ஜெபிக்கத் தயங்கும் அப்பாக்கள் அநேகர். பிள்ளைக்கு முன்பே அவர்களுக்குத்தான் முதல் வரி தேவைப்படுகிறது.