விலை விழுந்தால் பங்கு மலிவாகிவிடுமா? டெலிவரூ தரும் பாடம்

"இந்தப் பங்கின் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இப்போது வாங்கிப் போட்டால் லாபம்தானே?" பங்குச் சந்தைப் பக்கம் திரும்பியிருக்கும் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு கணக்கை வைத்துப் பதில் தேடுவோம். பிரிட்டனின் உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூவின் கணக்கு அது.

2021 மார்ச் 31 அன்று இந்நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 390 பென்ஸ். முதல் நாளிலேயே 26 விழுக்காடு சரிந்தது. தன் வாடிக்கையாளர்களுக்கென 5 கோடி பவுண்டு வரையிலான பங்குகளை அது ஒதுக்கியிருந்தது. சாப்பாடு வாங்கிப் பழகிய செயலியை நம்பிப் பணம் போட்ட அந்தச் சாதாரண மக்களால் ஏப்ரல் 7 வரை விற்கவும் முடியவில்லை.

அவிவா, லீகல் அண்ட் ஜெனரல் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் முன்பே ஒதுங்கிவிட்டார்கள். உணவு கொண்டுபோகும் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி, விடுப்பு ஊதியம் போன்ற பாதுகாப்பு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

2022-இல் விலை 100 பென்ஸுக்கும் கீழே போனது. அது மலிவா? ஒருபுறம், நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ 100 கோடி பவுண்டு ரொக்கம் இருந்தது. மொத்தப் பங்குகளின் சந்தை மதிப்பு அதைப்போல் இரு மடங்குகூட இல்லை. மறுபுறம், அந்த ஒரே ஆண்டில் நட்டம் 20 கோடி பவுண்டுக்கு மேல். ஓட்டை உள்ள தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. ஓட்டை அடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அது அடைபட்டது. லாபம் தராத நாடுகளிலிருந்து நிறுவனம் வெளியேறியது. 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தொழிற்சங்க வழக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-இல் முதன்முறையாக ஆண்டு லாபம் வந்தது, வெறும் 29 லட்சம் பவுண்டு. 2025 மே மாதம் அமெரிக்காவின் டோர்டாஷ், பங்குக்கு 180 பென்ஸ் தந்து வாங்க ஒப்புக்கொண்டது.

100 பென்ஸில் வாங்கியவருக்கு 80 விழுக்காடு லாபம். ஆனால் முதல் நாளில் 1,000 பவுண்டு போட்டவர் கடைசிவரை வைத்திருந்தால் கிடைத்தது சுமார் 460 பவுண்டு. "பாதியாகிவிட்டதே" என்று 195 பென்ஸில் வாங்கியவருக்கும் நட்டம்தான். பழைய விலை எதற்கும் அளவுகோல் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கு இதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. டெலிவரூ மதுவையும் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் நிறுவனம். ஆகாத வருமானம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வட்டிக் கடனுக்கும் வரம்பு உண்டு என்று பல ஷரீஆ வாரியங்கள் அளவுகோல் வைத்திருக்கின்றன. அதைப் பார்க்காமல் விலையைப் பார்ப்பதில் பயனில்லை.

பங்கு என்பது சூதாட்டச் சீட்டு அல்ல, ஒரு தொழிலில் கூட்டு. ரொக்கம் எவ்வளவு, நட்டம் குறைகிறதா, லாபம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டே கூட்டுச் சேர வேண்டும். பிள்ளையின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை, விலை விழுந்த ஒரே காரணத்துக்காக அதில் போடாதீர்கள்.