ஜாமரையும் தாண்டிப் பறக்கும் ட்ரோன் கூட்டம்: எப்படி?

ட்ரோனைச் சுட்டு வீழ்த்துவதைவிட அதன் காதை அடைப்பது மலிவு. உக்ரைன் போரில் இரு தரப்புமே கற்ற பாடம் இது. ட்ரோன் பயன்படுத்தும் அதே அலைவரிசையில் ‘ஜாமர்’ கருவி இரைச்சலைக் கொட்டும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காதே, அதே கதைதான். 2023-ல் உக்ரைன் மாதத்துக்குச் சுமார் 10,000 ட்ரோன்களை இழப்பதாக லண்டனின் ரூசி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலும் ரஷ்ய ஜாமர்களின் கைவரிசை.

தனி ட்ரோனுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, இயக்குபவரோடு உள்ள ரேடியோ தொடர்பு. இன்னொன்று ஜிபிஎஸ். சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் அந்த சிக்னல் ரொம்பவே மெலிந்தது. அதை மூழ்கடிக்கச் சின்ன ஜாமரே போதும்.

கூட்டமாகப் பறந்தால் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு ட்ரோனும் தூரத்து இயக்குபவரை நம்பாமல், பக்கத்து ட்ரோனிடம் பேசுகிறது. 100 மீட்டரில் இருக்கும் கூட்டாளியின் குரல், சில கி.மீ. தள்ளி அலறும் ஜாமரையும் மீறிக் கேட்க வாய்ப்பு அதிகம். ஒன்று விழுந்தால் தகவல் வேறு ட்ரோன் வழியாகச் சுற்றிப் போகும். போதாததற்கு, ரகசிய வரிசைப்படி அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருக்கும். எல்லா அலைவரிசையையும் அடைக்கப் பார்த்தால் ஜாமரின் சக்தி சிதறிவிடும். தவிர, ஓயாமல் கத்தும் ஜாமர் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இவற்றைவிட முக்கியம், குறைவாகப் பேசுவது. வீடியோ அனுப்ப அகலமான இணைப்பு வேண்டும். ‘இங்கே இருக்கிறேன், இப்படித் திரும்புகிறேன்’ என்பதற்குச் சில பைட்டுகள் போதும்; இரைச்சலுக்கு நடுவே திரும்பத் திரும்பச் சொல்லலாம். ஜிபிஎஸ் போனால், கேமராவில் தெரியும் நிலப்பரப்பை நினைவிலுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு வழி பிடிக்கும்.

ஆனால் ஜாமர், இலக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால்? நெருங்க நெருங்க அதன் கைதான் ஓங்கும். அதனால்தான் 2024-ல் ரஷ்யா, கண்ணாடி இழைக் கேபிளை அவிழ்த்தபடியே பறக்கும் ட்ரோன்களைக் களமிறக்கியது. ரேடியோவே இல்லை, அடைக்க எதுவும் இல்லை. கூட்டத்துக்கு அது ஒத்துவராது, இழைகள் சிக்கிக்கொள்ளும்.

மிச்சம் இருப்பது, தொடர்பு அறுந்த பிறகு ட்ரோனே இலக்கை முடிவு செய்வது. தவறான ஆளைத் தாக்கினால் தடுக்க எந்த மனிதருக்கும் வழி இருக்காது. இத்தகைய ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 2024 டிசம்பரில் 166 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த மூன்றில் ரஷ்யாவும் ஒன்று. தடை செய்யும் ஒப்பந்தம் எதுவும் அதில் இல்லை, பேச்சுவார்த்தைக்கான அழைப்பு மட்டுமே.