ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுச் சுரைக்காயும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. பல்கலைக்கழகத்தில் பயிலும் நம்மைப் பார்த்து ஊரார் அடிக்கடி நினைவூட்டும் மொழியும் அதுவே. அதை மறுக்க நான் வரவில்லை. அதனோடு இன்னொன்றைச் சேர்க்கவே விரும்புகிறேன்: வீட்டுச் சுரைக்காயும், மிஞ்சியதை விற்க இடம் இல்லையேல், கொடியிலேயே முற்றிப் போகும். விளைவித்தல், சமைத்தல், மிஞ்சியதை அருகிலேயே விற்றல் ஆகிய மூன்று கால்களின்மேல் நிற்கும் முக்காலி வீட்டுத் தோட்டம். இவற்றுள் மூன்றாவது காலைப் பெங்களூர் நகரம் மெல்ல மெல்ல ஒடித்து வருகிறது. அதைக் காப்பது படித்தவர் கடமை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்து.

இக்கருத்து எனக்கு நூலில் கிடைத்ததன்று. நகரின் கிழக்கு விளிம்பில் பத்துக் குண்டை நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. நாற்பது குண்டை சேர்ந்தது ஓர் ஏக்கர். ஆகவே எங்களுடையது கால் ஏக்கர்தான். அதில் கீரைப் பாத்திகள், ஓர் அவரைப் பந்தல், நான்கு முருங்கை, கிணற்றடியில் வாழை ஆகியவை உண்டு. பாட்டி கூடையில் வைத்து விற்ற கீரைக்காசும் என் கல்லூரிக் கட்டணத்தில் கலந்திருந்தது. இன்று அந்நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுவிடலாம் என்கிறார் பெரியப்பா. கூடாது என்கிறார் அம்மா. முப்பதுக்கு நாற்பது அடி மனைகளாகப் பிரித்தால், பாதைக்கு விட்டது போக ஏழெட்டு மனை தேறும். பெரியப்பாவின் கணக்கில் பிழை இல்லை. ஆயினும் நான் அம்மாவின் பக்கம். ஏன் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவன் நானே அல்லவா?

பெங்களூரைப் பூங்கா நகரம் என்று புகழ்கிறோம். அப்புகழ் யாரால் வந்தது? 1760இல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கிய ஐதர் அலியைப் போற்றுகிறோம். 1908இல் அங்கே பொறுப்பேற்று, நகரின் சாலைகளெல்லாம் மரம் பூக்கச் செய்த ஜெர்மானியர் கிரம்பீகலையும் போற்றுகிறோம். போற்றத் தக்கவர்களே. ஆனால் நகருக்குச் சோறும் குழம்பும் கீரையும் பூவும் தந்த தோட்டக்காரர்களை யார் நினைக்கிறோம்? ஏரிக்கரைகளில் பாத்தி கட்டிக் காய்கறி வளர்த்த திகளர் மக்களைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுள் பலருடைய வீட்டு மொழி கன்னடம் கலந்த தமிழ். சைத்திர மாதப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத் திருவிழா அவர்களுடையது. திரௌபதியை வழிபடும் விழா அது.

அவ்விழாவோடு தொடர்புடைய சம்பங்கி ஏரி ஒரு காலத்தில் சுற்றிலும் இருந்த தோட்டங்களுக்கு நீர் தந்தது. அந்த ஏரியின் பெரும்பகுதி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம். ஏரி போயிற்று, ஏரியை நம்பிய தோட்டம் போயிற்று, தோட்டத்தை நம்பிய தொழிலும் போயிற்று. விழா மட்டும் இருக்கிறது. விழாவைக் கைகூப்பி வரவேற்கும் நகரம், அவ்விழாவுக்குரிய மக்களின் தொழிலுக்கு இடம் தர மறந்தது முறைதானா?

நம் அடுக்களையிலும் ஒரு சான்று உண்டு. சௌசௌ என்னும் காயைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்கிறோம். அதன் தாயகமோ கடல் கடந்த மெக்சிகோ நாடு. கன்னடத்தார் அதைச் சீமைக் கத்தரிக்காய் என்னும் பொருளில் சீமெ பதனெகாயி என்கின்றனர். எங்கிருந்தோ வந்த ஒரு கொடிக்குத் தமிழர் இவ்வூரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்றால், இவ்வூர்த் தோட்டக்காரரின் கைவண்ணத்திற்கு அது கிடைத்த பட்டயம் என்றே நான் கொள்கிறேன்.

இனி முக்காலியின் கால்களைப் பார்ப்போம். தோட்டமும் அடுக்களையும் ஒட்டி இருக்கும் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. சௌசௌவின் சதை கூட்டுக்கு; தோல் துவையலுக்கு. இளங்கீரை விற்பனைக்கு, முற்றிய தண்டு வீட்டுக் குழம்புக்கு. அரிசி களைந்த நீர் வாழைக்கு. மார்கழியிலும் தையிலும் அவரை காய்த்துக் குலுங்கும்போது, கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்போம். கன்னட வீடுகளிலும் அதே குழம்பு மணக்கும். பிதுக்கிய தோல் மாட்டுக்கு. ராகிக் களியும் அந்தக் குழம்பும் இருந்தால் வேறு விருந்து எதற்கு? எதை உலையில் இடுவது, எதைக் கூடையில் வைப்பது என்று நாள்தோறும் பகுத்தறியும் அறிவை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் கண்டதில்லை.

மூன்றாவது கால்தான் இடரானது. முளைக்கீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் பறித்த கீரை ஒரு நாள் வெயிலுக்குத் தாங்காது. ஆகவே அதன் விலையை நிறுவுவது சந்தை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே. நாற்பது கட்டுக் கீரையை நம்பி விடியுமுன் எழுந்து பேருந்து ஏறிக் கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்குப் போனால், வண்டிக் கூலியும் இடைத்தரகும் போக மிஞ்சுவது என்ன? அதே கீரையைப் பக்கத்துத் தெருவில் விற்றால் முழுக் காசும் கைக்கு வரும். வாங்குபவருக்கும் வாடாத கீரை கிடைக்கும்.

அந்தப் பக்கத்துத் தெருதான் இன்று மறுக்கப்படுகிறது. மூலைக்கு மூலை கடைத்தொகுதி எழுகிறது. நடைபாதையில் கூடையை இறக்கினால் எழுந்து போ என்கிறார்கள். என் பாட்டியையும் ஒரு முறை அல்ல, பன்முறை எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? தெருவோர வணிகரைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வணிகர்களே உறுப்பினராக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இவ்வுரிமை உண்டு என்பதே கூடைக்காரப் பெண்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்த நாம் எடுத்துச் சொல்லலாம் அல்லவா? இவ்வூரில் கூட்டுறவு புதிதன்று. 1959இல் மரிகவுடாவின் முயற்சியால் திராட்சை பயிரிடுவோருக்கெனத் தொடங்கிய சங்கமே பின்னர் எல்லாக் காய்கனிகளுக்கும் விரிந்து ஹாப்காம்ஸ் ஆயிற்று. பெட்டிக் கணக்கில் விளைவிப்பவருக்கு அது துணை. கூடைக் கணக்கில் விளைவிப்பவருக்கு அதனினும் சிறியதோர் ஏற்பாடு வேண்டும்.

மறுப்போர் இரண்டு கேள்வி கேட்பர். சாக்கடை நீரில் வளர்ந்த கீரையை எப்படி நம்பி உண்பது என்பது ஒன்று. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் தீப்பற்றியதைக் கண்ட ஊரில் இக்கேள்வி எழுவது இயல்பே. அதனால்தான் அண்டை விற்பனை வேண்டும் என்கிறேன். வேலிக்கு அப்பால் நின்று, எந்த நீரைப் பாய்ச்சுகிறாய் அம்மா என்று கேட்க, எங்கிருந்தோ லாரியில் வந்த கீரையிடம் முடியுமா? மற்றொரு கேள்வி பெரியப்பாவின் கேள்வி: கோடிக்கு விலைபோகும் மண்ணில் கீரை விதைப்பது பேதைமை அன்றோ? மனை விற்ற பணம் பெரிதுதான். ஆனால் அது ஒரு முறை வருவது. கீரைக்காசு சிறிதுதான், ஆனால் அது வாரந்தோறும் பெண்ணின் கைக்கே வருவது, யாரிடமும் கேட்டுப் பெற வேண்டாதது. மேலும் 2024 கோடையில் இந்நகரம் குடிநீருக்குத் திண்டாடியதை நாம் கண்டோம். மழைநீரை உள்ளே வாங்கும் மண்ணையெல்லாம் காரையிட்டு மூடிவிட்டால் கிணறு எங்ஙனம் ஊறும்? மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் காய்கறி வளர்க்கும் ஆர்வம் நகரத்தாரிடையே பெருகி வருவது மகிழ்ச்சியே. அது வளர்க. ஆயினும் பொழுதுபோக்குக்கு மாடியில் செடி வைப்பவரைப் பாராட்டிவிட்டு, பிழைப்புக்குத் தரையில் செடி வைப்பவரை விரட்டுவது நேர்மையாகாது.

பிற நாட்டார் இதற்கு வழி கண்டிருக்கின்றனர். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் பயிரிடச் சிறு நிலத் துண்டுகளை வாடகைக்குத் தரும் கடமையை உள்ளாட்சிகளின்மேல் வைத்தது. சோவியத் உதவி நின்றுபோன பின்னர், 1990களில் கியூபா நாட்டார் தம் தலைநகர் அவானாவின் வெற்றிடங்களிலேயே காய்கறி விளைவித்து, அங்கேயே விற்றுப் பசி தணித்தனர். நம்மால் ஏன் ஆகாது?

சட்டம் இயற்றும் ஆற்றல் நமக்கு இல்லை. அரிசி பருப்பு வாங்கும் ஆற்றல் உண்டு. ஆண்டுதோறும் நம் தமிழ் மன்றம் பொங்கல் விழா எடுக்கிறது. அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி, மஞ்சள் கொத்து, வாழையிலை என எத்தனை வாங்குகிறோம்! அத்தனையையும் வரும் தைத் திருநாளில் நகர விளிம்பில் உள்ள சிறு தோட்டக்காரர்களிடமே நேரில் வாங்குவோம். அதன்பின் வாரத்தில் ஒரு காலை, பல்கலைக்கழக வாயிலின் உட்புறத்தில், பத்துக் கூடைகள் இறங்க இடம் கேட்டு நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதுவோம். விடுதிச் சமையற்கூடம் அன்றைய கீரையை அங்கேயே எடுக்கட்டும். உழவரைப் பற்றி மேடையில் முழங்கும் நாம், ஒரு கட்டுக் கீரையை உரிய விலை கொடுத்து வாங்கியும் காட்டுவோம். இதற்கு முன்வரும் நண்பர்கள் மார்கழி பிறக்குமுன் மன்றச் செயலாளரிடம் பெயர் தருக. அவரைப் பந்தல் அதற்குள் பூத்துவிடும்.