ஏவலும் வியங்கோளும்

காலநிலை உடன்படிக்கைகளைப் பற்றிப் பேசுதல் அறிவியலாருக்கும் அரசியலாருக்குமே உரியதென்பர். ஆயினும் அவை சொற்களால் ஆனவை. சொல்லாராய்ச்சி இலக்கண ஆசிரியனுக்கும் உரிய தொழிலாதலின் யானும் ஈண்டுச் சில கூறத் துணிந்தேன்.

2015ஆம் ஆண்டிலே பாரிஸ் உடன்படிக்கை நிறைவேறுந் தறுவாயில் ஒரு சொல்லாற் பெருங் கலக்கம் விளைந்தது. நச்சுப்புகையைக் குறைப்பதிலே செல்வ நாடுகள் முன்னிற்றல் கட்டாயம் எனப் பொருள்பட்ட ஆங்கிலச் சொல், அமெரிக்கா உடன்படாமையால், முன்னிற்றல் தகும் என்னும் பொருளுடைய சொல்லாயிற்று. எழுத்துப் பிழை திருத்துவார் போன்றே அதனைத் திருத்தினர். நம் வழக்கிற் சொல்வதாயின் ஏவல் வியங்கோளாயிற்று. (விதித்தற் பொருளும் வியங்கோளுக்கு உண்டன்றோ எனப் பண்டிதர் எவரேனும் வினாவின், அங்கே எஞ்சியது வேண்டற் பொருளே என்பேன்.) 2021இல் கிளாஸ்கோ மாநாட்டிலே நிலக்கரியைப் படிப்படியாக 'ஒழித்தல்' என்றிருந்ததைக் 'குறைத்தல்' என மாற்றுவித்தது இந்தியா; சீனமும் அதற்குத் துணைநின்றது. ஆகவே சொல்லுக்குள் ஒளித்தல் செல்வ நாடுகளுக்கே உரிய கலையன்று.

1997ஆம் ஆண்டின் கியோத்தோ உடன்படிக்கை சீனம், இந்தியா, பிறேசில் முதலிய நாடுகளுக்குக் குறைப்புக் கடமை எதனையும் விதிக்கவில்லை. அன்று அது நீதியே. வானிலே திரண்டிருந்த புகையிற் பெரும்பகுதி மேலைநாட்டார் ஏற்றியது. ஆனால் அதனையே காரணங் காட்டி அமெரிக்கச் செனற் சபை அவ்வாண்டிலேயே 95 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றேனுமின்றி, மறுப்புத் தீர்மானம் இயற்றியது. ஒருவர் நிற்க மற்றவரும் நின்றனர். புகை மாத்திரம் நிற்கவில்லை.

இன்று உலகிற் கக்கப்படும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சீனத்தினது. இந்நிலையிலே 1992இல் வகுத்த பட்டியலைக் காட்டி 'வளர்முக நாடு' என ஒதுங்குதல் பொருந்தாது. எனினும் இந்தியாவையும் சீனத்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்குதல் எனக்கு உடன்பாடன்று. ஆண்டொன்றுக்கு அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 தொன் காபனீரொட்சைட்டு எனின், இந்தியர் ஒருவருக்கு 2 தொன் அளவினதே. சீனத்தவர் கணக்கோ ஐரோப்பியர் கணக்கையும் கடந்துவிட்டது. இந்தியாவுக்கு முதலில் வேண்டுவது மலிந்த வட்டிக் கடனும் தொழில்நுட்பமும். சீனத்துக்கு வேண்டுவது கட்டளை.

பொருளுதவியிலும் இவ்வேறுபாடு புலப்படுதல் வேண்டும். 2035ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் 300 பில்லியன் டொலர் திரட்டுதற்குச் செல்வ நாடுகள் முன்னிற்கும் என 2024இல் பாகு மாநாட்டிலே முடிவாயிற்று. சீனம் போன்றவை விரும்பினால் ஈயலாமாம்! அவற்றை 'ஊக்குவிப்பதாக' மாத்திரமே அம்முடிவு கூறுகின்றது. ஈண்டும் வியங்கோளே.

2025 செப்டெம்பரிற் சீனம், தன் வெளியேற்றத்தை உச்ச அளவிலிருந்து 2035ஆம் ஆண்டளவில் 7 முதல் 10 வீதம் குறைப்பதாக அறிவித்தது. மொத்த அளவையே குறைப்பதாகச் சொன்ன அளவில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் அவ்வுச்சம் எவ்வாண்டினது, எத்துணையது என்பது அவ்வறிவிப்பில் இல்லை. அடுத்த உடன்படிக்கையிலே அவ்வெண்ணை எழுதித் தருமாறு கேட்கும் உரிமை மாலைதீவு போன்ற நாடுகளுக்கு உண்டு. அங்கே நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரமும் இல்லாதது.