சும்மா கொடுத்த டப்பா

போன வாரம் என் தம்பி மகன் வந்திருந்தான். சோப்பு, ஷாம்பு கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். "சாம்பிள் கொடுப்பதில் கம்பெனிக்கு நஷ்டம்தான் பெரியப்பா. பத்து பேர் வாங்கிக்கொண்டு போனால் ஒருத்தர் திரும்பி வருவதே அதிகம். ஏதோ ஜனங்களுக்குச் செய்கிறோம்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் 'எஷாந்தியோன்' என்று படித்தோம். மாதிரி என்று அர்த்தம். ஷாம்பு மாதிரி பிடிக்கவில்லை என்றால் மறுநாளே சீயக்காய்க்குத் திரும்பிவிடலாம். அந்த வியாபாரத்தில் அவன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். திரும்ப வழியில்லாத சாம்பிள் ஒன்று உண்டு. அதை நான் வாங்கியிருக்கிறேன்.

1979-ல் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வீட்டுக்குக் கிளம்பும்போது நர்சம்மா ஒரு பால் பவுடர் டப்பாவை நீட்டி, "கம்பெனியில் கொடுத்தது, காசு வேண்டாம்" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் மாமியார் மட்டும், "தாய்ப்பால் இருக்கும்போது இது எதுக்கு மாப்பிள்ளை?" என்றார். படித்தவன் அல்லவா, நான் கேட்கவில்லை.

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்க்குப் பால் ஊறும். புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைப்பது குறையும், பாலும் குறையும். டப்பா காலியாவதற்குள் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. அப்புறம் ஒவ்வொரு டப்பாவும் காசு. குமாஸ்தா சம்பளத்தில் மாதக் கடைசியில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு தடவை தூக்கிக்கொண்டு ஓடினேன். தெய்வாதீனமாகப் பிழைத்தாள்.

என் வீட்டுக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. ஒன்று சும்மா கொடுத்தார்கள், 31 டப்பா விற்றார்கள். இதில் நஷ்டம் யாருக்கு?

1981-ல் உலக சுகாதார நிறுவனம், தாய்மார்களுக்கு இப்படி சாம்பிள் கொடுக்கக்கூடாது என்று நெறிமுறை வகுத்தது. நம் நாட்டில் 1992-ல் சட்டமே போட்டுத் தடுத்தார்கள். நஷ்டம் வரும் காரியம் என்றால் கம்பெனிகள் தாமாகவே நிறுத்தியிருக்குமே, சட்டம் எதற்கு? டாக்டர்களுக்குத் தரும் மருந்து சாம்பிளையும் பாருங்கள். ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் வருடத்துக்கு 12 பாக்கெட்டுக்கு மேல் கூடாது, மொத்த மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2024-ல் மத்திய அரசு விதி வகுத்தது. தர்மம் செய்கிறவனுக்கு யாராவது உச்சவரம்பு வைப்பார்களா?

தம்பி மகனிடம் நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

பேரன் பேத்தி பிறக்கப்போகும் வீட்டு அன்பர்களே, யாராவது பால் பவுடர் டப்பாவைச் சும்மா நீட்டினால், சட்டப்படி குற்றம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்று நான் மாமியார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.