தப்பு முன்னால போகட்டும்

போன வருஷம் எங்க பக்கத்து டவுன்ல ஒரு ஆண்டு விழா நடந்தது. டவுன் பேரு வேணாம். குழுவில இருந்தவங்க எல்லாம் தெரிஞ்ச முகம், யாரையும் நோகடிக்க இதை எழுதல.

எங்க பெரியப்பா தப்பு அடிப்பார். அவரோட சேர்த்து ஆறு பேர் காலையில ஆறரைக்கே டவுனுக்கு வந்துட்டாங்க. பனி. தோல் தளர்ந்துபோய் சத்தம் வரல. பழைய பத்திரிகையைக் கொளுத்திச் சூடு காட்டப் போனா, "ரோட்டுல நெருப்பு போடாதீங்க"ன்னு ஒரு தம்பி வந்து நிறுத்திட்டார். ஊர்வலத்துல மூணாவதா தப்பு என்று பேப்பர்ல இருந்தது. ஒன்பது மணிக்கு அது மாறிச்சு. இராணுவ பேண்ட் பதினொரு மணிக்கு வேற இடத்துக்குப் போகணுமாம், அதனால அவங்க முதல்ல. பிறகு பாடசாலைப் பிள்ளைகள், சங்கங்கள், அலங்கார வண்டி. தப்பு கடைசிக்கு முன்னாடி. அப்பவும் ஒலிபெருக்கியில ஒரு அறிவித்தல்: பேண்ட் வாசிக்கும்போது மற்ற வாத்தியங்கள் வாசிக்க வேண்டாம். அதுவும் சிங்களத்துல மட்டும்.

பேண்ட் கடைசிவரைக்கும் வாசிச்சுக்கிட்டே போச்சு. நான் பெரியப்பாவைப் பார்க்கும்போது அவர் தப்பைத் தோள்ல மாட்டி, குச்சியைக் கையில பிடிச்சுக்கிட்டு, சும்மா நடந்து போயிட்டிருந்தார்.

"ஏன் பெரியப்பா அடிக்கல?"

"அவங்க அடிக்கிறப்போ நாங்க அடிக்கலாமா புள்ள?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடின பதில். சீருடை போட்டவங்க நம்ம விழாவுக்கு வரவே கூடாது என்பது என் வாதம் இல்லை. யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள், எந்த வரலாற்றைக் கொண்டாடக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். மலையகத்துல டவுன்களின் கதையையும் படையின் கதையையும் பிரிக்க முடியாது. இன்றைக்கு ஏப்ரல் சீசனுக்கு நாம கூட்டத்துல இடிபடுகிற நுவரெலியா, ஒரு சுகவாச நகரமாகத் தொடங்கினதே நோயாளிச் சிப்பாய்களுக்காகத்தான். 1820களின் கடைசியில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், வெப்பத்திலும் காய்ச்சலிலும் விழுந்த பிரித்தானியப் படையினர் உடல் தேற வேண்டும் என்று இந்தக் குளிர் மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்ன்ஸே வாட்டர்லூ சண்டையில் இருந்த இராணுவ அதிகாரி. சாமுவேல் பேக்கர் வந்து பண்ணை போட்டதெல்லாம் அதுக்குப் பிறகு, 1840களின் கடைசியில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னும் கொஞ்ச வருஷத்தில் அதுக்கு 200 வருஷம். எவராவது ஒரு குழு போடுவாங்க, பதாகை அடிப்பாங்க, பேண்டுக்குக் கடிதம் எழுதுவாங்க. அதனால இப்பவே பேசிக்கிறது நல்லது.

தியத்தலாவையும் அப்படித்தான். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான போயர் கைதிகளை அடைக்க அங்கே முகாம் கட்டினார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது இலங்கை இராணுவக் கல்லூரி. அதே காலத்தில் உருவானதுதான் தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மட்டுமே இருந்த தொண்டர் படை அது. 1914இல் அதிலிருந்து ஒரு பிரிவு எகிப்துக்குப் போனது. கலிபோலியில் அன்சாக் படைத் தலைவரின் தலைமையகத்துக்குக் காவல் நின்றது. அதாவது, காலையில் கொழுந்து நிறுத்துப் பார்த்த அதே துரை, வேறொரு நேரத்தில் துப்பாக்கியோடு அணிவகுத்து நின்றார். இதையெல்லாம் எங்க வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்கிற இடத்துக்கு நாம என்ன சொல்றோம்? பெரட்டுக்களம். "பரேட்" என்ற சொல்தான் நம்ம வாயில் பெரட்டு ஆனது என்று சொல்வார்கள். அந்தப் பெரட்டுக்கு ஆளை எழுப்பியதும் தப்புதான். விடியறதுக்கு முன்னாடி பனிக்குள்ள தப்புச் சத்தம் கேட்டா எழும்பிப் போகணும். நம்ம ஆட்கள் இந்த மண்ணில் தினமும் அணிவகுத்து நின்றவர்கள். அவர்களுடைய பரேட்டைப் பார்க்க யாரும் மேடை போட்டுக் கதிரை வைக்கவில்லை.

அடுத்தது பயம். சீருடை கண்டால் எங்க அம்மாயி இன்றைக்கும் அடையாள அட்டையைத் தேடுவார். அது சும்மா வந்த பழக்கம் இல்ல. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். 1977 மே மாதம், தோட்டக் காணியைப் பறிக்காதே என்று திரண்ட போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். ரெண்டு இடத்திலும் சுட்டது பொலிஸ், இராணுவம் இல்லை. அதை நேர்மையாகச் சொல்லணும். ஆனா லயத்து வாசல்ல நிற்கிற ஒருத்தருக்குக் காக்கியும் பச்சையும் ஒரே திசையிலிருந்துதான் வந்தது. 83க்குப் பிறகு சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, "ஊர் எது?" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து அந்தப் பழக்கத்தை இறுக்கிவிட்டது.

வருஷங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. குடியுரிமைச் சட்டம் 1948. இலங்கை இராணுவம் தொடங்கப்பட்டது 1949. அந்தப் படை உருவான நாளில் நம்ம ஆட்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டின் பிரஜைகளே இல்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. நாடற்றவர் என்ற பேரை முடிக்க 2003 வரைக்கும் சட்டம் போடவேண்டி இருந்தது. "இது நம்ம இராணுவம்" என்று மேடையில் ஒருத்தர் சொல்லும்போது, கீழே நிற்கிற கூட்டத்துக்கு உடனே கை தட்டத் தோணாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மறுபக்கம்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லாந்தை மீரியபெத்தை. மலை சரிஞ்சு லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு. அன்றைக்குச் சேற்றில் இறங்கி நம்ம ஆட்களைத் தோண்டி எடுத்தவர்களில் இராணுவத்தினரும் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு எழுதினா அது பொய். வெள்ளம், மண்சரிவு என்றால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பதில் அவர்கள் இருக்கிறார்கள்.

என் ரூம்மேட் சிங்களப் பிள்ளை. அவளோட அண்ணா இராணுவத்தில். அப்பாவுக்குக் கடன், வீட்டில் மூணு பிள்ளை, ஓ.எல். முடிச்சதும் சேர்ந்துட்டார். பெரியப்பா கதையை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னாள்: "அண்ணாவுக்கும் இந்த விழா டியூட்டி பிடிக்காது. ரெண்டு கிழமை ஒத்திகை, வெயில்ல நிக்கணும், யாருக்காக நிக்கிறோம்னும் சொல்ல மாட்டாங்க." அப்போதான் எனக்கு ஒன்று உறைச்சது. அந்த ஊர்வலத்தில் பேண்ட் வாசிச்ச பையன்களுக்கும் பெரியப்பாவுக்கும் எந்தச் சண்டையும் இல்லை. அவங்களுக்குப் பின்னால ஒரு தப்புக் குழு வருதுன்னே அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பிழை, இந்த ரெண்டு பேரையும் ஒரே ரோட்டில் இறக்கிவிட்டு நடுவில் பேசாம இருந்த ஏற்பாட்டில்.

ஏற்பாடு என்பது சின்ன விஷயம் இல்லை. 2024 ஏப்ரல் 21, ஞாயிறு, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். புத்தாண்டு சீசன் கூட்டம். இராணுவமும் மோட்டார் விளையாட்டு அமைப்பும் சேர்ந்து நடத்திய கார் பந்தயம். ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். "ஆமிக்காரங்க நடத்துறாங்க, எல்லாம் ஒழுங்கா இருக்கும்" என்ற நம்பிக்கையோடுதான் நம்ம ஆட்களும் குடும்பமாக இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் போகிறோம். சீருடை இருந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. எங்கே கயிறு கட்டுவது, கூட்டம் எவ்வளவு தூரத்தில் நிற்பது, "நிறுத்து" என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் பாதுகாப்பு.

இப்போ 2023ஐ நினைச்சுப் பாருங்க. அந்த ஒரே வருஷத்தில் ரெண்டு பெரிய ஆண்டு நிறைவு வந்தது. பெப்ரவரியில் காலிமுகத்திடலில் சுதந்திரத்துக்கு 75. நாடே கடனில் மூழ்கியிருந்த நேரத்தில் முப்படை அணிவகுப்பு. அந்தச் செலவு தேவையா என்று சிங்களம், தமிழ் எல்லாரும் கேட்டார்கள். ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரைக்கும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம். மலையகம் 200. கோப்பிக் காலத்தில் கரையிறங்கி, காட்டு வழியில் நடந்து, நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் போன பாதையில் மக்கள் திரும்ப நடந்தார்கள். டாங்கி இல்லை, விமானம் இல்லை. செருப்பு, குடை, தண்ணீர்ப் போத்தல். வழியில் வேற சமூகத்து ஆட்களும் வந்து கூட நடந்தார்கள். ரெண்டில் எது உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு?

"ஆமி பேண்ட் இல்லாட்டி விழாவுக்குக் களை இருக்காது, கூட்டம் வராது"ன்னு குழுக்காரங்க சொல்றாங்க. கூட்டம் எப்படி வரும் என்று அந்தப் பதினாறு நாள் காட்டிவிட்டது. இன்னொரு செய்தியும் இருக்கு. 2025 சுதந்திர தினத்தில் அரசே அணிவகுப்பில் வரும் படையினர் எண்ணிக்கையைக் குறைத்தது. தலைநகரத்து விழாவிலேயே குறைக்க முடியும் என்றால், ஒரு மலையக டவுனில் முடியாதா?

அதனால், அடுத்த விழாக் குழுவுக்கு நான் சொல்வது இதுதான். கடிதம் எழுதுவதற்கு முன்னாடி கதையை முடிவு பண்ணுங்க. இந்த டவுனை உண்டாக்கினது யார்? ரோடு வெட்டினது, பாலம் போட்டது, சுரங்கம் குடைஞ்சு ரயில் பாதை கொண்டுவந்தது யார்? அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் ஊர்வலத்தில் முதல் வரிசை. அது கையெழுத்துப் போட்ட திட்டத்தில் இருக்கணும், காலையில் ஒன்பது மணிக்கு மாறக்கூடாது.

பிறகு கடிதத்தில் எதைக் கேட்கிறோம் என்று தெளிவாக எழுதுங்க. முதலுதவிக் கூடாரம் வேணும். போக்குவரத்துக்கு உதவி வேணும். பேண்ட் வேணும் என்றால் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதுங்க. ஆயுதம் வேணாம் என்றும் எழுதுங்க, அதில் வெட்கம் இல்லை. பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் பிடிக்கிற கண்காட்சி நமக்கு வேணாம். ஒத்திகைக்கு முன்னாடி படைப் பக்கத்து அதிகாரியும் தப்புக் குழுத் தலைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். பேண்ட் ரெண்டு பாட்டு, தப்பு ரெண்டு அடி என்று பேசி முடிக்க அரை மணித்தியாலம் போதும். அறிவித்தல் தமிழிலும் வரணும், தமிழ் தெரிந்த ஒருத்தர் மைக்கில் இருக்கணும். எதையும் நிறுத்தச் சொல்லும் கடைசி அதிகாரம் ஊர்க் குழுவிடம், பேர் சொல்லக்கூடிய ஒரு ஆளிடம் இருக்கணும்.

கண்காட்சி வைத்தால் துரைமார் படையின் படத்தையும் வையுங்க, முல்லோயாவையும் டெவனையும் வையுங்க, மீரியபெத்தையில் தோண்டிய கைகளையும் வையுங்க. எல்லாம் இந்த மலையில் நடந்ததுதான்.

இதெல்லாம் ரொம்ப எதிர்பார்ப்பா? சில பேர் அப்படித்தான் சொல்வாங்க. "இருக்கிற சமாதானத்தைக் கெடுக்காதே, வந்தோமா கை தட்டினோமா போனோமா என்று இரு." ஆனா ஒரு பக்கம் மட்டும் வாசித்து, மற்றப் பக்கம் கருவியைத் தோளில் சுமந்து சும்மா நடக்கிறதுக்குப் பேர் சமாதானம் இல்லையே.

போன மாசம் வீட்டுக்குப் போனப்போ இதை எழுதப் போறேன்னு பெரியப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். "எழுது. ஆனா அந்தப் பையன்களைத் திட்டாத. நல்லாத்தான் வாசிச்சானுங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அடுத்த தடவை சூடு காட்ட ஒரு இடம் மட்டும் கேட்டு வாங்கிக் குடு" என்றார்.

அந்த இடத்தைக் கேட்டு முதல் கடிதத்தை நான் எழுதி வைத்துவிட்டேன். உங்க டவுனில் குழு போட்டா நீங்களும் போய் உட்காருங்க.