இறைச்சியின் மூலத்தைக் கேட்பது யார், எதற்காக?

தான் உண்ணும் இறைச்சி எந்த விலங்கினுடையது, எங்கே அறுக்கப்பட்டது, நோயற்றதா என்று அறியும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் நம் நாட்டில் இந்தக் கேள்வி இறைச்சியை நோக்கிக் கேட்கப்படுவது அரிது. அதை விற்பவரின் மதத்தையும் உண்பவரின் சாதியையும் நோக்கியே அது பெரும்பாலும் கேட்கப்படுகிறது.

2018 நவம்பர் 17 அன்று ஜோத்பூரிலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயிலில் வந்த சுமார் 2 டன் இறைச்சி கைப்பற்றப்பட்டது. வால் நீளமாக இருக்கிறது, ஆகவே அது நாய்க்கறி என்ற செய்தி அன்றே தொலைக்காட்சிகளிலும் வாட்ஸ்அப்பிலும் பரவியது. பிரியாணிக் கடைகளின் வியாபாரம் சரிந்தது. இஸ்லாமிய வணிகர்களை இழிவுபடுத்தும் கேலிகள் பெருகின. சில நாட்களில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு முடிவு வந்தது. அது ஆட்டிறைச்சி. வதந்தி சென்ற வேகத்தில் அந்த முடிவு செல்லவில்லை. நெடுந்தொலைவு பயணம் செய்த இறைச்சி உண்ணத்தக்க நிலையில் இருந்ததா, உரிய குளிர்ப்பதனம் இருந்ததா என்ற உண்மையான சுகாதாரக் கேள்விகளும் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயின.

ஐயம் கொலையாகவும் மாறும். 2015 செப்டம்பர் 28 அன்று உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே மாட்டிறைச்சி வைத்திருந்ததாகக் கூறி முகமது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். அதன்பின் ஆய்வகத்துக்குப் போனது இறைச்சி. எந்த விலங்கின் இறைச்சி என்ற விவாதம், ஒரு மனிதரைக் கொன்றது யார் என்ற கேள்வியை மறைக்கும் திரையாயிற்று.

சட்டம் யாருடைய அறியும் உரிமையைக் கூர்ந்து கவனிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொட்டலத்தில் அடைத்த உணவுகளில் சைவத்துக்குப் பச்சைக் குறியீடும் அசைவத்துக்குப் பழுப்புக் குறியீடும் கட்டாயம். 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், உணவில் சேரும் ஒவ்வொரு மூலப்பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என உத்தரவிட்டது. அவ்வழக்கைத் தொடுத்தது பசு நலனுக்கான ஓர் அமைப்பு. இறைச்சியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் முட்டை சேர்ந்த பிஸ்கட்டுக்கும் ஆட்டிறைச்சிப் பொட்டலத்துக்கும் ஒரே பழுப்புக் குறிதான். இறைச்சி உண்பவர் அறிய வேண்டியதை அந்தக் குறி சொல்வதில்லை. பொட்டலமே இல்லாமல் வாழையிலையிலும் தூக்குவாளியிலும் இறைச்சி வாங்குபவருக்கு அந்தக் குறியும் இல்லை.

பரளச்சி போன்ற கரிசல் காட்டு ஊரில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரி விவசாயத்தையும் ஆட்டுக்கிடையையும் நம்பி வாழும் நிலம். இங்கே ஞாயிறு காலை மரத்தடியில் அறுக்கும் ஆடு யாருடைய கிடையிலிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அதே ஆடு எட்டயபுரம் சந்தையில் கைமாறி நகரத்துக்குப் போய்விட்டால் அந்த அறிமுகம் அறுந்துவிடுகிறது. மேலும், ஊரார் அறிந்த ஆடு என்பதாலேயே அது நோயற்றது என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

சேரியில் கூறு போட்டு விற்கும் மாட்டிறைச்சியின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958, பத்து வயதைக் கடந்த, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று அறுக்க இடமளிக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, நாளொன்றுக்கு 2 பெரிய விலங்குகளோ 10 சிறிய விலங்குகளோ வரை அறுக்கும் சிறு வியாபாரி பதிவுச் சான்று பெற்றே தொழில் செய்யலாம். சட்டத்தில் வழி இருந்தும், மாட்டிறைச்சியின் பெயரைச் சொல்லவே அரசு அலுவலகங்கள் கூசுகின்றன. பெயர் சொல்லப்படாத உணவுக்கு அறுவைக்கூடம் கட்டப்படுவதில்லை. பரிசோதனைக்கு ஆளும் வருவதில்லை. ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைக்கும் புரதத்தை உண்பவர்களே நோய் அபாயத்தையும் சுமக்கிறார்கள்.

இந்தக் கூச்சத்தை 2022 மே மாதத்தில் ஆம்பூரில் கண்டோம். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஆம்பூர்ச் சந்தையில் வெளிப்படையாக விற்கும் ஓர் உணவை அரசின் பட்டியல் மறைத்தால், அதுவும் தவறான முத்திரைதான்.

உணவின் மூலத்தைக் கேட்பது நம் இயக்கத்துக்குப் புதிதன்று. செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுங்கள் என்று 1927ஆம் ஆண்டு மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அறைகூவல் விடுத்தார். செத்த மாட்டை அகற்றும் கடமையைச் சாதி நம்மீது சுமத்தியது. அந்த இறைச்சி அக்கடமையோடு சேர்ந்தே வந்தது. அதை மறுத்தது தன்மானம். இன்று நோயற்ற இறைச்சியைப் பெயர் சொல்லி, சான்றோடு கேட்பதும் அதே தன்மானத்தின் தொடர்ச்சியே.

ஆகவே நம் கோரிக்கை ஐயத்தின் மொழியில் இருக்கலாகாது. உரிமையின் மொழியில் இருக்க வேண்டும். திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும் அறுவைக்கூடங்கள் எத்தனை, பதிவு பெற்ற இறைச்சி வியாபாரிகள் எத்தனை பேர், கடந்த ஆண்டு எடுத்த மாதிரிகளின் முடிவுகள் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். அடுத்த கிராம சபையில் பரிசோதனை வசதியுள்ள அறுவைக்கூடம் வேண்டித் தீர்மானம் கொண்டுவரலாம். அத்தீர்மானத்தில் ஆடு, கோழி என்பவற்றோடு மாடு என்ற சொல்லும் எழுதப்பட வேண்டும்.